ஒரு விளக்கும் ஒரு முகமும்

காரைக்காலிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் திருமலைராயன்பட்டினம் வரும். அதனை அடுத்துள்ள சிற்றூர் போலகம். கிழக்கே சிறிது தொலைவில் கடல். மற்றைத் திசைகளில் காவிரியின் கடைமடை வயல்கள். அவ்வூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அது என் அப்பாயியின் படம் என்று வீட்டார் சொல்லுவர். அவ்வாறு சொல்ல எனக்கு மட்டும் நா எழுவதில்லை.

அப்பாயி நல்ல கறுப்பு. நாற்று நட்டும் களை பறித்தும் வெயிலில் முதிர்ந்த கறுப்பு. நெற்றியில் மூன்று வரிகள் ஆழமாக ஓடும். இடக் கன்னத்தில் சிறு வயதில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. சிரிக்கும்போது வலக் கண் மட்டும் சற்றே சுருங்கும். படத்தில் இருக்கும் அம்மையாருக்கோ வரியும் இல்லை, தழும்பும் இல்லை. முகம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு ஒன்றும் பூந்தொட்டிகள் இரண்டும் வரையப்பட்டுள்ளன.

அந்தப் படம் வீட்டிற்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாயி அதனைக் கையில் வாங்கி, வெளிச்சத்திற்குக் கொண்டுபோய், நெடுநேரம் பார்த்தார்.

“யாரடா இந்த அம்மா?” என்று என் தந்தையைக் கேட்டார்.

“நீதான் அம்மா” என்றார் தந்தை.

“நன்றாகத்தான் இருக்கிறாள். எந்த ஊராம்?” என்றார் அப்பாயி.

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். இன்று அவருடைய கொள்ளுப்பேரர்கள் அந்தப் படத்தின்கீழ் நின்று கும்பிடுகின்றனர். அவர்கள் கும்பிடுவது எங்கள் அப்பாயியை அன்று. ஏதோ ஒரு நகரத்துப் படநிலையத்தில் பென்சில் முனையால் உண்டாக்கப்பட்ட வேறொரு பெண்மணியை. மாணவர்களே, இதனை ஒரு சிறு குறை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு குடும்பம் தன் மூத்தோரின் முகத்தை இழந்துவிட்டது. இதுபோல இழந்த குடும்பங்கள் நம் நாட்டில் எண்ணற்றவை.

பென்சில் முனை என்றேன். அது வெறும் உவமை அன்று. பழைய படநிலையங்களில் எதிர்ப்படத் தகட்டின்மீது கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவர். எதிர்ப்படத்தில் எங்கே கருமை கூடுகிறதோ, அங்கே தாளில் அச்சாகும்போது வெண்மை கூடும். ஆகவே கன்னத்தில் பென்சில் ஓடினால் கன்னம் வெளுக்கும். நெற்றி வரியில் ஓடினால் வரி மறையும். இதற்கென்றே தேர்ந்த கைகள் இருந்தன. அவர்களுடைய பொறுமையையும் திறமையையும் நான் பழிக்கவில்லை. அத்துணைத் திறமையும் ஒரு முகத்தை அழிப்பதற்குச் செலவாயிற்றே என்றுதான் வருந்துகிறேன்.

ஒருவகையில் பார்த்தால், பழி முழுவதையும் படநிலையத்தார்மீது சுமத்துவதும் முறையன்று. தொடக்க காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றிற்குப் புலப்படவில்லை. நம் தோலின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. எனவே, மாநிறத்தவர் படத்தில் கரியவராயினர். கரியவர் உருவமே தெரியாமல் இருண்டனர். 1873-ஆம் ஆண்டில் வோகல் என்னும் செருமானிய அறிஞர், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வர மேலும் பல்லாண்டுகள் சென்றன. அதற்குள் முகத்தில் மாவு பூசுவதும் தகட்டில் பென்சில் தீட்டுவதும் வழக்கமாகிவிட்டன. தகடு திருந்திய பின்னும் வழக்கம் திருந்தவில்லை.

வண்ணப்படம் வந்தபோதும் நிலைமை மாறிவிடவில்லை. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், படங்களின் நிறம் சரியாக அச்சாகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அட்டையை அச்சகங்களுக்கு அனுப்பி வந்தது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்பது அதன் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய முகங்கள் அந்தச் சுருளில் சேறுபோல வந்தன. மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும், தங்கள் பொருள்களின் பழுப்பு வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே அக்குறையைக் களைய முற்பட்டனர் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறியுள்ளனர். மனிதர் முறையிட்டபோது கேளாத செவி, மரமேசைக்காகக் கேட்டது! இன்று நம் கைப்பேசிகளில் ‘அழகூட்டும்’ பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா? அதுவும் அந்தப் பழைய பென்சிலின் பேத்திதான்.

இதற்கு மாற்று என்ன? எல்லாவற்றையும் வெளிச்சத்தில் குளிப்பாட்டுவது மாற்று ஆகாது. நிழலைக் கையாளக் கற்றுக்கொள்வதே மாற்று என்பது என் கருத்து. படக்கலையில் ‘லோ கீ’ என்று ஒரு முறை உண்டு. படத்தின் பெரும்பகுதி இருளாக இருக்கும். சொல்ல வேண்டியதை மட்டும் ஒளி தொட்டுக் காட்டும். நாம் அதனை இருள்மிகு படம் என்று சொல்லிக்கொள்ளலாம். இருள்மிகு படம் என்பது போதிய வெளிச்சம் இன்றி எடுத்த படம் அன்று. முகத்தில் விழ வேண்டிய ஒளி சரியாக விழுந்திருக்கும். மற்ற இடங்களில் விழாதபடி தடுக்கப்பட்டிருக்கும். ஒளியைக் கொண்டுவருவதினும் அதனைத் தடுப்பதே இம்முறையில் கடினமான வேலை.

இதனை மேனாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டா. நம் கோயில் கருவறையை எண்ணிப் பாருங்கள். பலகணி இல்லை. ஓர் எண்ணெய் விளக்கு மட்டும் எரிகிறது. திருவுருவம் இருளில் நிற்கிறது. அருச்சகர் தீபத்தை எடுத்துச் சுற்றும்போது, முதலில் ஒரு கன்னம், பிறகு நெற்றி, பிறகு கை என ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. கரிய கல்லும் எண்ணெய்ப் பளபளப்பும் அந்தச் சிறு சுடரால் உயிர் பெறுகின்றன. அங்கே நான்கு குழல்விளக்குகளை மாட்டிவிட்டால் எல்லாம் தெரியும். ஆனால் எதையும் பார்க்கத் தோன்றாது. சில ஊர்களில் மாட்டியும் விட்டார்கள்.

காரைக்கால் அம்மையாரின் பழைய செப்புத் திருமேனிகள் அமெரிக்க அருங்காட்சியகங்கள் வரை சென்றுள்ளன. அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றவர் அம்மையார் என்பது வரலாறு. எலும்பு துருத்திய தோளும் ஒட்டிய வயிறும் குழிந்த கன்னமும் கொண்ட வடிவம் அது. அதனை எதிரே விளக்கு வைத்துப் படம் பிடித்தால் ஒரு செப்புக் கட்டியாகத் தெரியும். பக்கத்தில் விளக்கு வைத்தால் ஒவ்வொரு விலா எலும்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். பருமை என்பது நிழலால் தெரிவது. நிழல் இல்லாத முகம் தாளில் வெட்டிய முகம்.

படக்கலை பிறந்த கதைக்கும் நம் காரைக்காலுக்கும் மெல்லியதோர் உறவு உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1839 ஆகஸ்டு 19-ஆம் நாள், பாரிசில் தகேர் என்பவரின் படமுறை உலகிற்கு வெளியிடப்பட்டது. பிரெஞ்சு அரசு தகேருக்கும், அவருடன் உழைத்து மறைந்த நியேப்சின் மகனுக்கும் ஓய்வூதியம் அளித்து, அம்முறையைப் பொதுவாக்கியது. அந்நாளில் போலகத்து உழவரும் அதே அரசின் ஆட்சியில்தான் இருந்தனர். ஆயினும் அவர்தம் முகத்தை எந்தத் தகடும் அன்று பார்க்கவில்லை. மற்றோர் உறவும் உண்டு. 1820-களில் பிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர், கலங்கரை விளக்கத்திற்காக, தடித்த வில்லையை வளையம் வளையமாகப் பிரித்து மெலிந்த வில்லையாக அமைத்தார். கடலில் கப்பலுக்கு வழிகாட்ட எழுந்த அந்த வில்லைதான், படப்பிடிப்பு நிலையத்தில் முகத்தின்மீது ஒளியைக் குவிக்கும் விளக்குகளின் முகப்பிலும் இருக்கிறது.

இருள்மிகு உருவப்படத்தைக் கற்க விரும்புவோர் சூலியா மார்கரெட் கேமரூன் அம்மையாரை அறிதல் வேண்டும். அவர் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய தாயைப் பெற்ற பாட்டி நம் புதுச்சேரியில் பிறந்தவர். 1863-இன் இறுதியில், தம் 48-ஆம் வயதில், மகள் அளித்த படப்பெட்டியைக் கையில் எடுத்தார். இங்கிலாந்தில் வைட் தீவில் இருந்த தம் வீட்டில், கோழிகளை அடைக்கும் கண்ணாடிக் கொட்டகையைப் படநிலையமாக மாற்றினார். கோழிகள் என்னவாயின என்று கேட்காதீர்கள்! அக்காலத்துப் படநிலையத்தார் கூரை முழுதும் கண்ணாடி பரப்பி, ஒளியை வெள்ளமாகப் பாய்ச்சினர். தலை அசையாதிருக்க இரும்புத் தாங்கி வைத்தனர். அம்மையாரோ திரைகளை இழுத்துவிட்டு ஒரு புறத்து ஒளியை மட்டும் உள்ளே விட்டார். ஒளி குறைந்ததால் நேரம் நீண்டது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. உருவங்கள் சற்றே மங்கின. கூர்மை இல்லை என்று வல்லுநர்கள் எள்ளினர்.

1867-இல் அவர் வானியல் அறிஞர் சர் சான் ஹெர்ஷெலைப் படம் பிடித்தார். ‘போட்டோகிராபி’ என்னும் சொல்லைப் பரப்பியவர் அந்த அறிஞரே. எடுத்த படம் அழியாமல் நிலைக்கச் செய்யும் உப்பின் இயல்பை 1819-இலேயே கண்டவரும் அவரே. முதிய முகம், கலைந்த வெண்மயிர், கரிய ஆடை, சுற்றிலும் இருள். அந்த இருளிலிருந்து இரு கண்கள் நம்மை நோக்குகின்றன. அவர் பெற்ற பட்டங்களோ, அமர்ந்த நாற்காலியோ, வீட்டுச் செல்வமோ படத்தில் இல்லை. ஒரு மனிதர் இருக்கிறார்; அவ்வளவுதான். எள்ளிய வல்லுநர்களின் கூர்மையான படங்கள் மறக்கப்பட்டுவிட்டன.

நம் திரைக்கலையிலும் இத்தகைய துணிவு உண்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நிழல் உண்டு. 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தில் பி. சி. ஸ்ரீராம் முகங்களைப் பாதி இருளில் விட்டார். தேசிய விருதும் பெற்றார். கதைத்தலைவன் முகத்தில் எந்நேரமும் பால்போல் ஒளி பொழிய வேண்டும் என்று எதிர்பார்த்துப் பழகியவர்களும் அந்த இருளை ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, நானே கற்ற கதையைச் சொல்லுகிறேன். என் அத்தை, அதாவது அந்த அப்பாயியின் மகள், போலகத்திலேயே வாழ்கிறார். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தாயைப் போலவே நல்ல கறுப்பு. அவரைப் படம் எடுக்க விரும்பினேன். என்னிடம் இருந்தவை ஒரு கைப்பேசி, 9 வாட் விளக்கு ஒன்று, உட்புறம் கறுப்பு பூசிய எண்ணெய்த் தகரம் ஒன்று. தகரத்தின் அடியை வெட்டிவிட்டு அதனுள் விளக்கை வைத்தேன். ஒளி சிதறாமல் ஒரு பக்கமாகப் பாய்ந்தது. கைப்பேசியை ஒரு முக்காலியின்மேல் அசையாதபடி நிறுத்தினேன். ஒளி குறைந்த இடத்தில் கை நடுங்கினால் படம் கெடும்.

முதற்படம் பாழாயிற்று. அத்தையைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தேன். சுவரும் அதில் தொங்கிய நாட்காட்டியும் அத்தையினும் பளிச்சென்று விழுந்தன. ஒளியின் விதி ஒன்றை அப்போதுதான் உணர்ந்தேன். விளக்கிலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிறது. நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்றாகிறது. இதனைப் பாடநூலில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பொருள் மட்டும் அன்றுதான் விளங்கியது! விளக்கை முகத்திற்கு 1 மீட்டர் அருகில் வைத்தேன். அத்தையைச் சுவரிலிருந்து முன்னே இழுத்து, விளக்கிற்கும் சுவருக்கும் 4 மீட்டர் இருக்குமாறு அமர்த்தினேன். நாட்காட்டி தானே இருளில் மறைந்தது. கறுப்புத் திரை வாங்கும் செலவு மிச்சமாயிற்று.

இரண்டாம் படத்தில் முகம் வெந்ததுபோல் வெளுத்திருந்தது. இது கருவியின் பிழை. படக்கருவி தன் எதிரே உள்ள காட்சி முழுவதும், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக்கொள்கிறது. பெரும்பகுதி இருளாக இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று அஞ்சி, ஒளியை அளவுக்குமேல் வாங்கிக்கொள்கிறது. கருவிக்கு இருளின் அருமை தெரியாது. அதனை நாம்தான் அடக்க வேண்டும். திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியளவைக் கீழே இறக்கினேன். கன்னத்தில் வெளுப்பு மறைந்து தோலின் நிறம் திரும்பிற்று.

“இன்னும் முடியவில்லையா தம்பி? உலையில் அரிசி போட்டு வந்திருக்கிறேன்” என்றார் அத்தை.

“இதோ ஆயிற்று அத்தை” என்றேன். ஆகவில்லை.

விளக்கு முகத்திற்கு நேரே இருந்தது. மூக்கு சப்பையாகவும் கன்னம் தட்டையாகவும் தெரிந்தன. விளக்கைப் பக்கவாட்டில் 45 பாகை நகர்த்தி, தலைக்குச் சற்று மேலே உயர்த்தினேன். மூக்கின் நிழல் கீழே சாய்ந்து கன்னத்தின் நிழலோடு கலந்தது. ஒளி படாத கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் நின்றது. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் உருவங்களில் இதனைக் காணலாம். அதனால் அவர் பெயராலேயே இவ்வொளியை வழங்குகின்றனர். ஆனால் விளக்கு மிகவும் உயர்ந்துவிட்டதால் கண்கள் இரண்டும் குழியில் மூழ்கின. ஒரு சாண் இறக்கினேன். கருவிழியில் விளக்கின் சிறு பொட்டு தோன்றியது. அந்தப் பொட்டு இல்லாத கண் உயிரற்ற கண்.

ஒளி இன்னும் கடுமையாக இருந்தது. வரிகள் வெட்டியதுபோல் தெரிந்தன. சிறிய விளக்கின் நிழல் கடுமையாகவும், அகன்ற விளக்கின் நிழல் மென்மையாகவும் இருக்கும். தகரத்திற்கு முன்னால் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துத் தொங்கவிட்டேன். வேட்டியே விளக்காயிற்று. (பழைய ஐந்நூறு வாட் விளக்கின்முன் இதனைச் செய்யாதீர்கள், துணி தீப்பற்றும்.) இருண்ட பக்கம் முழுதும் கரியாகிவிடாதிருக்க, அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தேன். தாளை அருகே கொண்டுவந்தால் நிழல் தெளிந்தது, விலக்கினால் ஆழ்ந்தது.

அப்போது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். கரிய தோலுக்கு ஒளி வேண்டும் என்று கருதி விளக்குகளைக் கூட்டுவது பலர் வழக்கம். அது தேவையே இல்லை. வெளிறிய தோல் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. கரிய தோலில் அந்தச் சிதறல் குறைவு. ஆகையால் மேற்பரப்பின் பளபளப்பு அதில் எடுப்பாகத் தெரிகிறது. குளத்து நீர் கரை விளக்கைக் காட்டுவதுபோல, அகன்ற ஒளியைச் சாய்வாகப் பெற்றால் கன்ன எலும்பும் நெற்றியும் மூக்குத்தண்டும் தாமே வடிவம் கொள்கின்றன. வேட்டியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினேன். அத்தையின் முகத்தில் மெல்லிய பளபளப்பு நீராகப் பரவியது. இருளோடு பொருந்தி நிற்பதற்கென்றே அமைந்த நிறம் அது. அதனைப் பென்சிலால் அழித்தார்களே!

எனக்கு இதில் ஓர் அச்சமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருள்மிகு படம் கற்ற இளைஞர் பலர் உடனே கடற்கரைக்கு ஓடுகின்றனர். முதிய மீனவர் ஒருவரை நிறுத்தி, அவர் முகத்து வரிகளைக் கடும் நிழலில் எடுத்து, போட்டிக்கு அனுப்புகின்றனர். பரிசும் கிடைக்கிறது. அவர் பெயர் என்ன என்று கேட்டால் விடை இல்லை. இது வெளுப்பு பூசுவதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் பிழை. அங்கே வறுமையை மறைத்தனர். இங்கே வறுமையை அணிகலன் ஆக்குகின்றனர். கேமரூன் அம்மையாரும் இதற்கு விலக்கல்லர். 1875-இல் அவர் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் அங்கேயே மறைந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் சிற்றூர் மக்களும் இருக்கின்றனர். ஹெர்ஷெலின் பெயரை உலகம் அறியும். இவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயரும் முகமும் எவ்வளவு எளிதில் போய்விடும் என்பதைக் கடற்கரையார் அறிவர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையிலும் உயிர்களை வாரிச் சென்றது. வீடு போனவர்க்கு வீட்டுச் சுவரில் இருந்த படங்களும் போயின. இறந்த பிள்ளைக்கு மாலை சாத்த ஒரு படம் இல்லாதவர் துயரை எந்தக் கணக்கில் எழுதுவது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பழைய தமிழ்ப் படநிலையங்களிலும் குடும்பங்களிலும் கிடந்த படங்களைத் தேடி, ஆயிரக்கணக்கில் படியெடுத்து வைத்துள்ளனர். 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டு முகங்கள் அவை. நல்ல பணி. ஆனால் நம் தெருவில் உள்ள முகங்களை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கலாகாது.

“மணப்பெண்ணின் பெற்றோர் இருண்ட படத்தை வாங்குவார்களா? நாங்கள் பிழைக்க வேண்டாவா?” என்று படநிலையத்தார் என்னைக் கேட்டதுண்டு. கேள்வி நேர்மையானது. அடையாள அட்டைக்கு இருள்மிகு படம் உதவாது. திருமணப் பந்தலில் அதற்கு இடமும் நேரமும் இல்லை. அங்கெல்லாம் வெளிச்சமான படமே எடுக்கட்டும். வெளிச்சம் வேறு, வெளுப்பு வேறு என்று மட்டும்தான் சொல்லுகிறேன். பெண்ணின் நிறத்தை மாற்றித் தந்தால் அதனை அழகு என்று நம்பி வாங்குபவரும், அதனால் தன் முகத்தை வெறுக்கக் கற்கும் சிறுமியும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றனர்.

பள்ளியில் இதனைக் கற்பிக்கலாம் என்று சொன்னால், கருவிக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் வேண்டியதில்லை. மாங்கனித் திருவிழா நடக்கும் நாட்டில் மாங்கனிக்குப் பஞ்சமா? இருண்ட அறையில் முக்காலியின்மேல் ஒரு மாங்கனியை வையுங்கள். கையில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அதனைச் சுற்றி வாருங்கள். எங்கே நின்றால் கனி தட்டாகிறது, எங்கே நின்றால் உருள்கிறது, எங்கே நின்றால் அதன் கறைப்புள்ளி தெரிகிறது என்று நோக்குங்கள். படமே எடுக்க வேண்டா. ஒரு வாரம் இவ்வாறு பழகிய பின் மனித முகத்தின் அருகே செல்லுங்கள். சென்றபின் முதலில் பெயரைக் கேளுங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

அத்தைக்கு நான் எடுத்தவற்றுள் பதினான்காவது படம் ஓரளவு தேறியது. இடப்புறத்திலிருந்து ஒளி. வலக் கன்னம் நிழலில்; அதில் சிறு முக்கோணம். பின்னால் ஒன்றுமே இல்லை. உலை பொங்கியதைக் கேட்டு அவர் சிரித்தபோது எடுத்தது அது. நெற்றி வரிகள் எல்லாம் இருந்தன. தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ என்று ஐயுற்றேன்.

“வலக் கண்ணைப் பார் தம்பி” என்றார் சிறிது நேரம் கழித்து. “சுருங்கியிருக்கிறது. அப்படியே என் அம்மா.”

கூடத்திற்குள் சென்று, சுவரில் தொங்கிய வெளுத்த படத்தையும் இதனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதுகோல் ஒன்று கேட்டு வாங்கி, புதிய படத்தின் பின்புறத்தில் தம் பெயரையும் தம் தாயின் பெயரையும் ஊர்ப் பெயரையும் நடுங்கும் கையால் எழுதினார். ஆணி அடிக்க வேறோர் இடம் பார்க்கச் சொன்னார்.